அசையும் அணு, மாறும் மின்தடை



இயற்பியல் ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. இப்படிப்பட்ட மேடைகளில் கருந்துளை, பெருவெடிப்பு என்று பிரம்மாண்டமான விஷயங்களைப் பேசுவது வழக்கம். நான் எடுத்துக்கொண்டது ரொம்பச் சின்ன விஷயம். இரண்டு நிக்கல் முனைகள் ஒரு சில அணுக்கள் அளவுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் ஒரு காந்தத்தைக் கொண்டுவந்தால் அந்த ஒட்டின் மின்தடை எவ்வளவு மாறும்? இந்தக் கேள்விக்கு 1999 முதல் 2003 வரை வந்த பதில்கள் 200 சதவீதத்தில் தொடங்கி ஒரு லட்சம் சதவீதம் வரை ஏறின. அடுத்த சில ஆண்டுகளில் அந்த எண்கள் சரிந்து விழுந்தன. விழுந்த இடத்தில் மிஞ்சியது என்ன என்பதுதான் இன்றைய பேச்சு. மிஞ்சியதுதான் சுவாரசியமானது என்பது என் கட்சி.

காந்தம் மின்தடையை மாற்றும் என்பது பழைய செய்தி. கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1856-ல் இரும்பிலும் நிக்கலிலும் அதைக் கண்டார். உலோகம் எந்தத் திசையில் காந்தமாகியிருக்கிறதோ அதே திசையில் மின்னோட்டம் போனால் தடை கொஞ்சம் கூடும். குறுக்கே போனால் கொஞ்சம் குறையும். திசையைப் பொறுத்த இந்த மாற்றம் சாதாரண நிக்கலில் இரண்டு சதவீத அளவில்தான் இருக்கும். நூறாண்டுக்கு மேல் இது பாடப்புத்தகத்தின் ஓர் ஓரத்தில் கிடந்தது.

1988-ல் நிலைமை மாறியது. பாரிஸுக்கு அருகே ஓர்சேயில் ஆல்பெர் ஃபெர்ட்டின் குழுவும், ஜெர்மனியின் யூலிஷில் பீட்டர் குருன்பெர்க்கின் குழுவும், இரும்பையும் குரோமியத்தையும் ஒரு சில நானோமீட்டர் தடிப்புள்ள அடுக்குகளாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தன. ஃபெர்ட்டின் அடுக்குகளில், திரவ ஹீலியத்தின் குளிரில், காந்தப்புலம் தடையைக் கிட்டத்தட்டப் பாதியாக்கியது. குருன்பெர்க்கின் மூவடுக்கில் அறை வெப்பநிலையில் ஒன்றரை சதவீதம்தான் மாறியது. ஆனால் அதன் பயனை முதலில் மோப்பம் பிடித்துக் காப்புரிமை எடுத்தவர் அவர். 1997-ல் ஐபிஎம் நிறுவனம் இந்த விளைவில் இயங்கும் வாசிப்பு முனையை வன்தட்டில் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. இருவருக்கும் 2007-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதன் அடிப்படையை நெவில் மோட் 1936-லேயே சொல்லியிருந்தார். எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு. அது மேல்நோக்கி அல்லது கீழ்நோக்கி. நிக்கல், கோபால்ட், இரும்பு போன்ற உலோகங்களில் இந்த இரு வகை எலக்ட்ரான்களுக்கும் வெவ்வேறு தடை. ஒரே கம்பியில் இரண்டு மின்னோட்டங்கள் அக்கம்பக்கமாகப் போகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த இரண்டு காந்த அடுக்குகள் ஒரே திசையைப் பார்த்தால் ஒரு வகை எலக்ட்ரானுக்கு வழி நெடுகச் சௌகரியம். எதிரெதிராகப் பார்த்தால் இரண்டு வகைக்கும் எங்காவது ஓரிடத்தில் சிரமம். மொத்தத் தடை கூடிவிடும்.

இனி நானோ ஒட்டுக்கு வருவோம். அறை வெப்பநிலையில் செம்பில் ஓர் எலக்ட்ரான் எதிலும் மோதாமல் சுமார் 40 நானோமீட்டர் போகும். ஒட்டின் அகலம் அதைவிட மிகக் குறைவாக இருந்தால், எலக்ட்ரான் அந்த இடத்தை மோதலே இல்லாமல் கடந்துவிடும். நெரிசல் மிகுந்த ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முன்தினம் நடப்பதற்கும் ஒரு வாசற்படியைத் தாண்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. தெருவில் நேரம் எடுப்பது இடிபாடுகளால். வாசலில் நேரம் எடுப்பது வாசல் குறுகலாக இருப்பதால். மோதல் இல்லாவிட்டாலும் தடை இருக்கும் என்பதை 1965-ல் ஷார்வின் கணக்கிட்டுக் காட்டினார்.

வாசல் அணு அளவுக்குக் குறுகினால் இன்னொரு சட்டம் குறுக்கிடுகிறது. உலோகத்தில் எலக்ட்ரானின் அலைநீளம் ஏறக்குறைய அரை நானோமீட்டர். அணுவின் அளவோடு ஒப்பிடத்தக்கது. ஆகவே அலை இத்தனை வழிகளில்தான் நுழையலாம் என்ற கட்டுப்பாடு வந்துவிடுகிறது. முழுதாகத் திறந்த வழி ஒன்றுக்கு, இரு தற்சுழற்சிகளையும் சேர்த்து, 12.9 கிலோ ஓம் தடை. ஒரு தற்சுழற்சி மட்டும் போனால் 25.8 கிலோ ஓம். இந்த எண்களில் உலோகத்தின் பெயரே கிடையாது. எலக்ட்ரானின் மின்னூட்டமும் பிளாங்க் மாறிலியும் மட்டும்தான். தங்கக் கம்பியை மெல்ல இழுத்து ஓரணு வரை கொண்டுவந்தால், அறும் முன் தடை அழகாக 12.9 கிலோ ஓமில் வந்து நிற்கும். நிக்கல் அப்படி நிற்காது. அதில் வெளி எலக்ட்ரான்களோடு டி-சுற்றுப்பாதை எலக்ட்ரான்களும் கலந்துகொள்கின்றன. அவை சாய்ந்தும் கோணியும் இருக்கிற வடிவங்கள். அணு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு ஒட்டும் ஒரு விடை தரும்.

இந்த ஒட்டுகளைச் செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. மூன்று வழிகள். ஒன்று, இரண்டு கம்பிகளை நேருக்கு நேராகவோ, ஆங்கில 'டி' எழுத்து வடிவிலோ வைத்து, இடைவெளியில் மின்முலாம் பூசுவதுபோல் நிக்கலைப் படியவைத்து இணைப்பது. இரண்டு, வளையக்கூடிய பட்டையில் மெல்லிய கம்பியை ஒட்டி, பட்டையைக் கீழிருந்து ஒரு திருகால் நெம்பி வளைப்பது. கம்பி மெல்ல அறும். திருகைத் திருப்பினால் மறுபடி சேரும். லைடனில் ரூய்டன்பீக் குழு 1992 முதல் செம்மைப்படுத்திய முறை இது. மூன்று, சிலிக்கான் சில்லின்மேல் படியவைத்த உலோகக் கோட்டில் மின்னோட்டத்தை ஏற்றிக்கொண்டே போவது. ஓடும் எலக்ட்ரான்கள் அணுக்களைத் தள்ளித் தள்ளி, கழுத்து மெலிந்து, கடைசியில் ஓரணு ஒட்டு மிஞ்சும். முதல் முறையில் கம்பிகள் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மூன்றாவதில் உலோகம் அடித்தளத்தோடு ஒட்டிக்கிடக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1999-ல் மாட்ரிட்டைச் சேர்ந்த கார்சியாவும் கூட்டாளிகளும் நிக்கல் ஒட்டில், அறை வெப்பநிலையில், 100 ஓர்ஸ்டெட் என்ற சிறிய புலத்தில், 200 சதவீதத்துக்கு மேல் தடை மாறுகிறது என்று அறிவித்தார்கள். அடுக்குகளில் அறை வெப்பநிலையில் கிடைத்ததைவிட இது பன்மடங்கு. விளக்கமும் நியாயமாகவே இருந்தது. இரண்டு முனைகளும் எதிரெதிர்த் திசையில் காந்தமாகியிருந்தால் நடுவில், காந்தத் திசை திரும்பும் இடமாக, ஒரு டொமைன் சுவர் நிற்கும். பெரிய நிக்கல் துண்டில் அந்தச் சுவரின் தடிப்பு நூறு நானோமீட்டர் அளவு. எலக்ட்ரானின் தற்சுழற்சி அதற்குள் மெல்லத் திரும்பிக்கொள்ள அவகாசம் உண்டு. குறுகிய கழுத்தில் சுவர் கழுத்தின் அளவுக்கே சுருங்கிவிடும் என்று பாட்ரிக் புரூனோ அதே ஆண்டு கணக்கிட்டுக் காட்டினார். திரும்ப அவகாசமில்லாத எலக்ட்ரான் முட்டித் திரும்பிப் போகும், தடை எகிறும்.

2002-ல் அமெரிக்காவின் பஃபலோவிலிருந்து சோப்ராவும் ஹுவாவும் 3,000 சதவீதம் என்றார்கள். 2003-ல் அதே இருவர் ஒரு லட்சம் சதவீதம் என்றார்கள். தபால்தலை அளவில் ஒரு நூலகம் என்ற ரகத்தில் அப்போது பத்திரிகைகளில் வந்த கற்பனைகளை நான் குறை சொல்லப் போவதில்லை. அறிவியல் இதழ்களிலேயே உற்சாகம் கரைபுரண்டது.

இங்கே சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கூடுதல் தடைக்கும் குறைந்த தடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைந்த தடையால் வகுப்பது இந்தத் துறையின் வழக்கம். இப்படி வகுத்தால் எண்ணுக்கு மேல்வரம்பே கிடையாது. கூடுதல் தடையால் வகுத்திருந்தால் எந்த விளைவும் நூறைத் தாண்டாது. ஒரு லட்சம் சதவீதம் என்பது 99.9 சதவீதம் என்று அடக்கமாகத் தெரிந்திருக்கும். அப்படித் தெரிந்திருந்தால் யாராவது உடனே கேட்டிருப்பார்கள்: மின்னோட்டம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், அந்த ஒட்டு திறந்துகொண்டது என்றல்லவா அர்த்தம்? காந்தத்தை அருகே கொண்டுவந்தால் இணைந்து, எடுத்தால் பிரியும் உலோக நாக்குகள் கொண்ட ரீட் சுவிட்ச் கடைகளில் கிடைக்கிறது. கதவுத் திருட்டு அலாரத்தில் இருப்பது அதுதான். இந்தக் கணக்குப்படி அதன் தடை மாற்றம் முடிவிலி சதவீதம். அதற்காக யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

கரும்பலகையில் ஒரு வரிக் கணக்குப் போடுவோம். மின்னோட்டத்தில் ஒரு தற்சுழற்சி மற்றதைவிட எவ்வளவு மிகுதி என்பதைப் பி என்று வைத்தால், எதிரெதிர் முனைகளால் வரும் மாற்றம் எளிய மாதிரியில் இரண்டு பி வர்க்கத்தை, ஒன்று கழித்தல் பி வர்க்கத்தால் வகுத்தது. நிக்கலுக்குச் சோதனைகளில் கிடைக்கும் பி அரைக்கும் கீழ். தாராளமாக 0.45 என்று போட்டாலும் விடை 50 சதவீதம்தான். ஒரு லட்சம் சதவீதம் வேண்டுமென்றால் பி 0.999 ஆக இருக்க வேண்டும். அணு அளவில் பெரிய துண்டின் எண் பொருந்தாமல் போகலாம், உண்மைதான். ஆனால் ஒட்டின் அணு அமைப்பை வைத்து நுணுக்கமாகக் கணக்கிட்டவர்களுக்கும் ஆயிரக்கணக்கில் எதுவும் வரவில்லை.

அப்படியானால் கருவியில் தெரிந்தது என்ன? கருவி பொய் சொல்லவில்லை. தடை நிஜமாகவே மாறியது.

1842-ல் ஜூல் ஒன்றைக் கவனித்தார்: இரும்பைக் காந்தமாக்கினால் அதன் நீளம் துளி மாறுகிறது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் ஓயாமல் ரீங்கரிப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தில் இரும்பு உள்ளகம் நொடிக்கு நூறு முறை நீண்டு சுருங்குகிறது. நிக்கல் எதிர்வகை, காந்தமாகும் திசையில் அது சுருங்கும். பத்து லட்சத்தில் சுமார் 34 பங்கு. அற்பம் என்று தோன்றும். ஆனால் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள நிக்கல் கம்பி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் நானோமீட்டரில் 34 பங்கு சுருங்கினால் 34 நானோமீட்டர். நிக்கலில் அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளி கால் நானோமீட்டர். அதாவது நூறு அணுக்களுக்கும் மேலான தூரம் கம்பியின் நுனி நகர்ந்துவிட்டது. ஒட்டு இருப்பதோ ஐந்தாறு அணு அகலத்தில்! ஒட்டு விட்டு, எலக்ட்ரான் வெற்றிடத்தைத் துளைத்துப் போகும் நிலை வந்துவிட்டால், இடைவெளி ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினாலே மின்னோட்டம் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகிவிடும். ஆயிரம் மடங்கு மாற்றத்துக்கு ஓர் அணுவிட்டத்தைவிடச் சற்றே கூடுதலான அசைவு போதும்.

கம்பிகள் காந்தமானால் ஒன்றையொன்று இழுக்கவும் தள்ளவும் செய்யும், அது வேறு. நீளம் மாறாத உலோகக் கலவையைப் பயன்படுத்தினாலும் இந்த விசை ஒட்டை அசைக்கும்.

அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்டில் வில்லியம் எகல்ஹாஃப் தலைமையில் ஒரு பெரிய குழு இதைப் பொறுமையாகச் சோதித்தது. வகைவகையான ஒட்டுகள், வகைவகையான பிடிப்புகள். 2004-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே விஷயம் இருந்தது: இந்த அளவீடுகளில் புகும் போலி விளைவுகள். ஒட்டு நகர வாய்ப்பிருந்த இடங்களில் பெரிய எண்கள் வந்தன. நகர்வை அடக்கியபின் வரவில்லை. உண்மையான பெருவிளைவுக்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். பிரான்சில் சக்லேயின் வீரே, கபூரியாக் குழுவும் அதே ஆண்டு நீள மாற்றத்தால் வரும் தடை மாற்றத்தைத் தனியாகக் காட்டியது. இத்தகைய கட்டுரைகளுக்குப் பரிசு கிடைப்பதில்லை. மேற்கோள் எண்ணிக்கையிலும் அவை முந்துவதில்லை. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் ஆய்வு மாணவர் ஒருவர் முதலில் படிக்க வேண்டியது எகல்ஹாஃப் கட்டுரையைத்தான். மாதிரியை எப்படிப் பிடித்து வைப்பது என்பதை வேறெதுவும் அவ்வளவு நன்றாகக் கற்றுத் தராது.

அடுத்து வந்தவர்கள் ஒட்டை அடித்தளத்தோடு இறுக்கிக் கட்டினார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் போலோட்டினும், குயெம்மெத்தும், டேனியல் ரால்ஃபும் பெர்மல்லாயைத் தேர்ந்தெடுத்தார்கள். நிக்கலும் இரும்பும் கலந்த இந்தக் கலவையின் நீளம் காந்தத்தால் அநேகமாக மாறுவதில்லை. சில்லின்மேல் கோடு, ஹீலியக் குளிர், மின்னோட்டத்தால் மெலிவித்தல். ஒட்டு பெரிதாக இருந்ததிலிருந்து அறுந்துபோவது வரை ஒரே மாதிரியில் படிப்படியாக அளந்தார்கள். பல்லாயிரம் சதவீதம் எங்கும் தலைகாட்டவில்லை.

தலைகாட்டியது வேறொன்று. காந்தப்புலத்தின் வலிமையைக் குறைக்காமல், திசையை மட்டும் சுற்றினார்கள். கெல்வினின் விளைவாக இருந்தால் தடை ஒரு சுற்றில் இரண்டு முறை சீராக ஏறி இறங்க வேண்டும். பெரிய ஒட்டில் அப்படித்தான் இருந்தது. சில நானோமீட்டருக்கு மெலிந்ததும் சீர் குலைந்தது. ஒவ்வொரு மாதிரிக்கும் தனி வளைகோடு, தனிக் கோணல். துளைத்துச் செல்லும் நிலையில் மாற்றம் 25 சதவீதம் வரை போனது. மின்னழுத்தத்தைச் சில மில்லிவோல்ட் மட்டும் மாற்றினால் வளைகோட்டின் உருவமே மாறியது. எலக்ட்ரான் ஒரு பொடிக்கல் அல்ல, அலை. கழுத்தைச் சுற்றியுள்ள குறைகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழித்தும் தடையைத் தீர்மானிக்கின்றன. காந்தத் திசை மாறினால் அந்தக் கூட்டல் கழித்தலும் மாறுகிறது. 25 என்பது ஒரு லட்சத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கோணல் வளைகோட்டில் அந்த ஒட்டின் அணு அமைப்பே பதிந்திருக்கிறது.

திசைவழி வேறுபாடு என்றதும் நம்மூர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அவை முறுக்கிக்கொள்வதை வைத்து, காந்தத்தன்மை திசைக்குத் திசை எப்படி மாறுகிறது என்று 1930-களில் அளந்தவர். 1945-ல் பாட்டியாவோடு சேர்ந்து திரவ உலோகங்களின் மின்தடை பற்றி எழுதினார்; எலக்ட்ரான் அலை அணுக்களின் அமைப்பில் பட்டுச் சிதறுவதுதான் அதன் சாரம். காந்தம், மின்தடை இரண்டையும் அவர் தனித்தனியாகத் தொட்டார். ஆய்வகத்தில் விலையுயர்ந்த கருவி இல்லை என்று குறைப்படும் மாணவர்கள் அந்த இழையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

2007-ல் நெப்ராஸ்காவைச் சேர்ந்த சோகோலோவ் குழு, கோபால்ட் ஒட்டில் புலத்தைச் சுற்றும்போது கடத்துதிறன் (தடையின் தலைகீழ்) படிப்படியாக, ஏறக்குறைய ஒரு வழிக்குரிய குவாண்டம் அளவுக்குத் தாவுகிறது என்று சொன்னது. திசை திரும்பும்போது எலக்ட்ரானுக்கான ஒரு வழி முழுதாகத் திறக்கவோ மூடவோ செய்யலாம் என்று கோட்பாட்டாளர்கள் ஏற்கெனவே கணித்திருந்தார்கள். அதே ஆண்டு ஷியும் ரால்ஃபும் ஓர் எச்சரிக்கை விடுத்தார்கள்: ஒட்டிலுள்ள ஓர் அணு இரண்டு இருக்கைகளுக்கு இடையே முன்னும் பின்னும் தாவினாலும் இதே படிகள் வரும். கம்பி அசையாமல் பார்த்துக்கொண்டாயிற்று. இப்போது தனி அணு அசைகிறது! இந்த வழக்கில் நான் எச்சரித்தவர்கள் பக்கம் சாய்கிறேன். படி தாவுவதைப் பார்த்த உடனே காந்தம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இன்னொரு திருப்பம் 2009-ல் ஸ்பெயினின் அலிகாந்தேயிலிருந்து வந்தது. உந்தியெத் குழு இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவற்றில் ஓரணு ஒட்டுகளை ஏராளமாகச் செய்து, குளிரில், மின்னழுத்தம் சுழிக்கு அருகே கடத்துதிறன் எப்படி மாறுகிறது என்று பார்த்தது. கிடைத்த வடிவம் கோண்டோ விளைவின் கைநாட்டு. காந்தத்தன்மை இல்லாத உலோகத்தில் ஒன்றிரண்டு காந்த அணுக்கள் கலந்திருந்தால், சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் அந்த அணுவின் காந்தத்தைச் சூழ்ந்து மறைத்துவிடும்; அதனால் குளிரில் தடை குறைவதற்குப் பதில் கூடும். ஜுன் கோண்டோ 1964-ல் விளக்கியது இதை. காந்த உலோகத்துக்குள் இதற்கு இடமே இருக்காது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்; சுற்றிலும் உள்ள காந்தம் அந்த மறைப்பை உடைத்துவிட வேண்டும். ஒட்டில் இருக்கும் அணுவுக்கோ அண்டை அயல் குறைவு. அதன் டி-எலக்ட்ரான்கள் பெரிய துண்டில் நடந்துகொள்வதுபோல் நடந்துகொள்வதில்லை. நிக்கலின் முனையில் இருக்கும் நிக்கல் அணு, பாதி அந்நியன்.

கடைசியாக ஒன்று. காந்தப்புலத்தைத் தொட்டாலே ஏதாவது அசைகிறது என்றால், தொடாமலே தற்சுழற்சியை அறிய வழி உண்டா? உண்டு: இரைச்சலைக் கேட்க வேண்டும். மின்னோட்டம் தனித்தனி எலக்ட்ரான்களால் ஆனது என்பதால் அதில் ஏற்ற இறக்கம் இருக்கும் என்று ஷாட்கி 1918-ல் காட்டினார். ஓர் ஒட்டின் தடை 25.8 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். இதை இரண்டு விதமாகப் பெறலாம். இரு தற்சுழற்சிகளும் பாதிப் பாதி வாய்ப்போடு கடக்கலாம்; அல்லது ஒன்று மட்டும் தடங்கலின்றி முழுதாகக் கடந்து, மற்றது அடியோடு நிற்கலாம். தடையை மட்டும் அளந்தால் இரண்டும் ஒன்றுதான். இரைச்சலில் அகப்பட்டுக்கொள்ளும்: முதலாவதில் ஒவ்வோர் எலக்ட்ரானும் போவதா திரும்புவதா என்று காசு சுண்டுகிறது, இரைச்சல் அதிகம், இரண்டாவதில் சந்தேகத்துக்கே இடமில்லை, இரைச்சல் அநேகமாகச் சுழி.

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் வர்திமோன், கிளியோன்ஸ்கி, தால் மூவரும் 2015-ல் இதைச் செய்து பார்த்தார்கள். நிக்கல் முனைகளுக்கு நடுவே கொஞ்சம் ஆக்சிஜனை விட்டு, அணு அளவில் நிக்கல் ஆக்சைடை உண்டாக்கி இரைச்சலை அளந்தார்கள். இரு தற்சுழற்சிகளும் சமமாகப் போனால் இருக்கக்கூடிய குறைந்தபட்ச இரைச்சலுக்கும் கீழே அது இறங்கியது. மின்னோட்டம் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே தற்சுழற்சியால் ஆனது என்பதற்கான அறிகுறி அது. ஒரு லட்சம் சதவீதத்துக்குத் தேவைப்பட்ட அந்த 0.999-ஐ நெருங்கும் பி, காந்தப்புலத்தை ஏற்றி இறக்கத் தேவையே இல்லாத ஓர் அளவீட்டில், சுத்தமான நிக்கலில் அல்லாமல் அதன் துருவில் தென்பட்டிருக்கிறது. அந்த ஆக்சைடு ஒட்டை நகராமல் பிடித்து வைத்து, இரு முனைகளின் காந்தத்தையும் எதிரெதிராகத் திருப்பி, தடையையும் இரைச்சலையும் ஒருசேர அளக்க வேண்டும். இங்கே இருக்கும் மாணவர்களில் யாருக்காவது இதில் ஆர்வம் இருந்தால், தேநீர் இடைவேளையில் என்னைப் பிடியுங்கள்.